இரண்டு மில்லிமீட்டர் குறைந்த நாகம்

அத்தியாயம் 4

"திருடன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல மேடம். அறுபத்தொண்ணுன்னு சொல்லிட்டாங்க."

சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டே டீ குடிக்கக்கூடிய மனிதர். இப்போது தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் நோட்டில் 'அறுபத்தொண்ணு' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். அண்ணியின் துப்பறியும் நிலையத்தில் அவன் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன் பார்த்த வேலைகளில், அவன் நின்றுவிட்டதைக் கண்டுபிடிக்கவே முதலாளிகளுக்கு ஒரு வாரம் பிடித்தது. "காணாமப் போறதுல உனக்கு அனுபவம் இருக்கு, தேடறதும் வந்துடும்" என்று சொல்லித்தான் அண்ணி அவனைச் சேர்த்துக்கொண்டாள்.

வழக்கு இதுதான். 'ஏழு கோட்டை' என்று ஓர் அட்டை விளையாட்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வீரன், ஒரு விலங்கு அல்லது ஒரு மந்திரம். தேடித் தேடிச் சேர்த்து, எதிராளியின் அட்டைகளோடு மோதவிட்டு, அவருடைய ஏழு கோட்டைகளையும் வீழ்த்த வேண்டும். சிறுவர்களுக்காகக் கண்டுபிடித்தார்கள். சிறுவர்களுக்கு ட்யூஷன் இருந்ததால் பெரியவர்கள் ஆடினார்கள். சலவைக் கடை மாடியில் அவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு இருபத்துமூன்று உறுப்பினர்கள், இருபத்தொன்பது விதிகள்.

சங்க அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் 'கண்ணாடி நாகம்'. உலகம் முழுக்க நாற்பதே அட்டைகள்தான் உண்டாம். சங்கத் தலைவரான பல் டாக்டர் ஆறு வருஷத்துக்கு முன் தன் கையாலேயே மாட்டியது. உள்ளே வருகிறவர்கள் அதைப் பார்த்து லேசாகத் தலையைத் தாழ்த்த வேண்டும். விதி எண் நான்கு.

போன வாரம், ஆண்டு மலருக்குப் படம் எடுக்கச் சட்டத்தைத் திறந்தார்கள். நாகத்தை மற்ற அட்டைகளோடு மேசையில் வைத்தபோது, துவைத்துச் சுருங்கிப்போன சட்டை மாதிரி சின்னதாக இருந்தது. அசல் அட்டையின் அகலம் அறுபத்துமூன்று மில்லிமீட்டர். இது அறுபத்தொன்று. யாரோ வீட்டில் அச்சடித்த நகல்.

"அசலைத் திருடிட்டு நகலை வெச்சிட்டாங்க" என்றார் தலைவர். சங்கத்தில் வீட்டில் அட்டை அச்சடிப்பதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஆள் ஒருவர்தான். தலைவர் அவர் பேரைச் சொன்னதும் எல்லாருடைய பார்வையும் லிஃப்ட் மெக்கானிக் மேல் திரும்பியது. இன்று மாலை ஆறு மணிக்குக் கூட்டம். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தால் அவர் வெளியே.

"சங்கம்தானே சார், வேற ஒண்ணுல சேர்ந்துக்கலாமே" என்றான் கொழுந்தன்.

"எம் பொண்ணு நர்ஸு தம்பி. அவ வரும்போது நான் தூங்குவேன், நான் வரும்போது அவ கிளம்பிட்டிருப்பா. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஃப்ரிட்ஜ்ல சீட்டு ஒட்டித்தான் பேசிக்கிறோம். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் ரெண்டு மணி நேரம் என் பக்கத்துல உக்காருவா. ஜோடியா ஆடறோம். நான் போனா அவளுக்கும் ஜோடி கிடையாது, எனக்கும் அவ கிடையாது."

கொழுந்தன் அதற்கு மேல் ஜோக் எதையும் தேடவில்லை.

"நீங்க அச்சடிக்கிறதைக் காட்டுங்க" என்றாள் அண்ணி.

மெக்கானிக் எழுந்தார். அடுத்த நிமிஷம் அழுத மனிதரைக் காணோம். மேசைமேல் பிரிண்டர், கனமான தாள்கள், இரும்பு ஸ்கேல், வெட்டும் பலகை, மூலைகளை வளைத்து வெட்ட ஒரு சின்னக் கருவி. அட்டைக் கனத்தையே அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வெல்வெட் பெட்டியில் படுத்திருந்தது.

"ஒரு தாளுக்கு ஒன்பது கார்டு. முதல்ல வெறும் கட்டத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து அளப்பேன். சரியா இருந்தாத்தான் படம். தப்பு எங்க நடக்கும் தெரியுமா மேடம்? இங்க." கணினித் திரையில் ஒரு சின்னக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். 'பக்கத்துக்குப் பொருத்து' என்றிருந்தது. "வாங்கும்போதே இதுல டிக் இருக்கும். எடுக்காம விட்டா, ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு பிரிண்டர் தானாவே எல்லாத்தையும் நூத்துக்குத் தொண்ணூத்தேழாக் குறைச்சிடும். அறுபத்துமூணு போட்டா அறுபத்தொண்ணு வரும். உலகத்துல பாதிப் பேர் இந்த டிக்கை எடுக்கறதே இல்ல."

அண்ணி அவருடைய நகல்களில் ஏழெட்டை எடுத்து ஸ்கேலில் வைத்தாள். எல்லாம் அறுபத்துமூன்று. பின்பக்கம் ஒவ்வொன்றிலும் சின்ன எழுத்தில் 'நகல்' என்று இருந்தது.

"வீட்டுல பழகறதுக்குத்தான். சங்க மேசைக்கு ஒண்ணுகூட எடுத்துட்டுப் போனதில்ல" என்றார் அவர். "அப்படியே நான் திருடணும்னு நினைச்சாலும், அறுபத்தொண்ணு வெச்சிட்டு எம் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

தெருவில் இறங்கியதும் கொழுந்தன் சொன்னான்: "ஆள் சுத்தம் அண்ணி. திருடறதுக்கு முன்னாடி பூட்டை அளக்கற ஆளு. அவர் அளந்து முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்."

"இது எனக்குப் புரியுது. இருபத்துமூணு பேருக்குப் புரியணும்" என்றாள் அண்ணி. "அந்த நாகத்தைப் பார்த்தாகணும்."

*

நாகம் பல் டாக்டரின் க்ளினிக்கில் இருந்தது. 'சாட்சியப் பொருள்' என்று எழுதிய உறைக்குள், செயற்கைப் பல் வரிசைகளுக்கு நடுவில்.

உட்கார இரண்டே இருக்கைகள் இருந்தன. அண்ணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மிச்சமிருந்தது நோயாளி நாற்காலி. கொழுந்தன் அதில் உட்கார்ந்த மறுகணம் அது தானாகச் சாய்ந்து அவனை மல்லாக்கப் போட்டது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில்.

"நான் விசாரிக்க வந்தவன் டாக்டர்."

"விசாரிக்கறதுக்கும் வாயைத் திறந்துதானே ஆகணும்." பல்லைப் பார்த்ததும் டாக்டரின் முகத்தில் தலைவர்களிடம் சாதாரணமாகப் பார்க்க முடியாத ஓர் ஈடுபாடு தெரிந்தது. மேசையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து அவன் உதடுகளுக்கு நடுவில் நிறுத்தினார். அதில் மில்லிமீட்டர் கோடுகள் அச்சாகியிருந்தன. "ஐம்பது. சாதாரணமா நாற்பது, நாற்பத்தஞ்சுதான் திறக்கும். உங்களுக்கு ரொம்பவே திறக்குது."

"வீட்டுலயும் அதேதான் சொல்றாங்க" என்றாள் அண்ணி. "இந்தப் பட்டை எங்க கிடைக்குது டாக்டர்?"

"நானே இங்க பிரிண்ட் எடுத்து வெட்டிக்கறது. வாய் சரியாத் திறக்காத நோயாளிகள் தினமும் வீட்டுல அளந்து பார்க்கறதுக்குக் கொடுத்தனுப்புவேன். வெச்சுக்கங்க."

அண்ணி பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உறையைத் திறந்தாள். சுருண்டு படுத்த நாகம். அகலம் அறுபத்தொன்று. ஓரம் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. பின்பக்கம் 'நகல்' என்று எதுவும் இல்லை. படம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. ஒருகாலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டிய நாகம், காய்ச்சல் வந்து மூன்று வேளை பட்டினி கிடந்த மாதிரி இருந்தது.

"மெக்கானிக்கோட கார்டெல்லாம் அறுபத்துமூணு டாக்டர்."

"வேணும்னே குறைச்சிருப்பாரு. தன்மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு."

"சரி. இதை எப்ப மாத்தியிருப்பாங்க?"

"போன மாசம் அறைக்கு வெள்ளையடிச்சோம். சட்டத்தைக் கழட்டி ரெண்டு நாள் கீழ வெச்சிருந்தோம். அப்பத்தான்."

"ஒரு மாசத்துல இவ்வளவு வெளுத்திடுமா?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "வீட்டு பிரிண்டர் மை. மட்டமான மை. அதெல்லாம் நிக்காது மேடம்."

வாசலுக்கு வந்ததும் கொழுந்தன் தாடையைத் தடவிக்கொண்டான். "எனக்குச் சங்கச் செயலாளர்மேலதான் சந்தேகம் அண்ணி. அறைச் சாவி அவர்கிட்ட. சட்டத்தைத் திறந்தவரும் அவர். இன்ஷூரன்ஸ் ஆளு வேற."

"இன்ஷூரன்ஸ்ல இருந்தா திருடிடுவாங்களா?"

"இல்ல. திருடு போனாத் தர மாட்டாங்க. அந்தப் பழக்கம் இருக்கும்ல."

அண்ணி சிரிக்கவில்லை. எதையோ கோத்துக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம். "அட்டை வெளுத்திருக்கு தம்பி. அப்போ அதுக்குப் பின்னாடி இருந்ததும் வெளுத்திருக்கணும்ல?"

"பின்னாடி என்ன இருந்துச்சு?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்."

*

சலவைக் கடையின் நீராவி வாசனை மாடிப்படி முழுக்கப் பின்தொடர்ந்து வந்தது. சங்க அறையில் மடக்கு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் வெறும் சட்டம் மாட்டியிருக்க, உறுப்பினர்கள் உள்ளே வந்து பழக்கத்தில் அதற்கும் தலையைத் தாழ்த்தினார்கள். பல் டாக்டர் நடு நாற்காலியில் இருந்தார், முன்னால் மேசையில் 'சாட்சியப் பொருள்' உறை, காலடியில் தோல் பெட்டி. பக்கத்தில் செயலாளர், கையில் விதிப் புத்தகம். கடைசி வரிசையில் மெக்கானிக்கும், நர்ஸ் சீருடையில் அவர் மகளும். அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஆறுதலுக்கா, நாடி பார்க்கவா என்று கொழுந்தனுக்குத் தெரியவில்லை.

"தீர்மானம்" என்று ஆரம்பித்தார் செயலாளர். "சங்கத்தின் கௌரவத்துக்குப் பங்கம் விளைவித்த உறுப்பினரை..."

"கை தூக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்றாள் அண்ணி.

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வெளியாட்கள் பேசறதுக்கு விதி இல்லையே."

"பேசக் கூடாதுன்னு இருக்கா?"

மறுபடி புரட்டினார். இல்லை.

அண்ணி சுவரிலிருந்து சட்டத்தை இறக்கி, பின்பலகையின் கொக்கிகளைத் திருப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீலத் தாள். ஆறு வருஷத்து வெயிலில் அது சாம்பல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு செவ்வகம், வாங்கிய அன்று இருந்த அதே நீலத்தில் பளிச்சென்று இருந்தது.

"அட்டை மறைச்சுக்கிட்டு இருந்த இடம்" என்றாள் அண்ணி. "வெயில் படாததால வெளுக்கல. செயலாளர் சார், உங்க அசல் கார்டு ஒண்ணை எடுத்து இந்த நீலத்துமேல வைங்க."

செயலாளர் தன் அட்டையை உறையிலிருந்து பிரசவம் பார்ப்பதுபோல் எடுத்து வைத்தார். நீலம் மறைந்தது. மறைந்ததோடு நிற்காமல் அட்டையின் ஓரங்கள் சாம்பல் பகுதிமேலும் ஏறி உட்கார்ந்தன.

"பெருசா இருக்கே" என்றார்.

"இப்ப நகலை வைங்க."

வெளிறிய நாகம் செவ்வகத்தில் இறங்கியது. சுற்றிலும் ஒரு நூல் நீலம்கூட மிச்சமில்லை. சாம்பல்மேல் ஒரு நூல்கூட ஏறவுமில்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

கீழே ஒரு சலவை யந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி" என்றான் கொழுந்தன் மெதுவாக, "போன மாசம்தான் மாத்தினாங்கன்னா, அதுக்கு முன்னாடி இருந்த அசல், நீலத்தைப் பெரிய கட்டமா விட்டிருக்கணுமே."

"விட்டிருக்கணும். விடல. ஆறு வருஷமா இங்க இருந்தது இது ஒண்ணுதான். யாரும் எதையும் மாத்தல. திருட்டே நடக்கல."

இருபத்துமூன்று பேரும் ஆறு வருஷமாக யாருக்குத் தலை வணங்கினோம் என்று கணக்குப் போட்டார்கள். சிலர் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள்.

பல் டாக்டர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தாலும் குரல் கெட்டியாகவே இருந்தது. "அப்படின்னா நானும் ஏமாந்திருக்கேன். எனக்குக் கொடுத்தவன் நகலைக் கொடுத்திருக்கான். இந்தச் சங்கத்துல என்னைவிடப் பாதிக்கப்பட்டவங்க யாரும் இல்ல."

இரண்டு மூன்று பேர் அனுதாபத்தில் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அரை நிமிஷத்தில் குற்றவாளி நாற்காலியிலிருந்து தியாகி நாற்காலிக்கு மாறிவிட்டாரே என்று கொழுந்தன் வியந்தான். சங்கத் தலைவராக இருக்க இந்த வேகம் வேண்டும்போல.

அண்ணி கைப்பையைத் திறந்து காகிதப் பட்டையை எடுத்து மேசையில் நீட்டினாள். மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய இரும்பு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தாள். "டாக்டர், இது உங்க க்ளினிக் பிரிண்டர்ல எடுத்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பட்டையில ஐம்பது மில்லிமீட்டர் போட்டிருக்கு. ஸ்கேல்ல பாருங்க. நாற்பத்தெட்டரைதான் வருது. நூத்துக்குத் தொண்ணூத்தேழு. உங்க நாகமும் நூத்துக்குத் தொண்ணூத்தேழு. எங்கயோ யாரோ கொடுத்த நகலுக்கும் உங்க மேசையில இருக்கற பிரிண்டருக்கும் இவ்வளவு நெருக்கமான சொந்தமா?"

கொழுந்தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்ப என் வாய் ஐம்பது இல்லையா? நாற்பத்தெட்டரைதானா?"

"ஒன்றரை மில்லிமீட்டர் குறைச்சலாப் பேசு" என்றாள் அண்ணி.

பல் டாக்டர் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை வாங்கியவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"திறப்பு விழாவுக்குச் சுவர் மொட்டையா இருந்துச்சு" என்றார். "அலங்காரத்துக்காக ஒண்ணை பிரிண்ட் எடுத்து மாட்டினேன். அச்சடிச்சதுன்னு சொல்றதுக்குள்ள எல்லாரும் கை தட்டிட்டீங்க. அப்புறம் தலைவராக்கிட்டீங்க. அப்புறம் விதி நாலு போட்டீங்க."

"விதி நாலு நீங்கதான் சார் போட்டீங்க" என்றார் செயலாளர்.

"கை தட்டினதுக்கு அப்புறம் போட்டேன்."

நர்ஸ் எழுந்து நின்றாள். "எல்லாம் சரி சார். எங்கப்பா என்ன பண்ணாரு உங்களை?"

டாக்டர் அவளைப் பார்க்காமல் ஸ்கேலைப் பார்த்தார். "அவர் எதைப் பார்த்தாலும் அளக்கற மனுஷர்மா. என்னைக்காவது அதையும் அளந்துடுவாருன்னு ஆறு வருஷம் தூக்கம் இல்ல. அட்டை சின்னதுன்னு தெரிஞ்ச உடனே வாயில வந்த முதல் பேரு அதுதான்."

மெக்கானிக் இப்போதுதான் வாயைத் திறந்தார். அவருக்குக் கோபம் இருந்தது, ஆனால் யாரும் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. "சுவர்ல மாட்டற அட்டை டாக்டர். ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட அளந்து பார்க்கணும்னு தோணலையா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். விஷயம் வெளியே போனால் சங்கத்தின் பேர் என்னாவது? குறிப்பேட்டில் இப்படி எழுதலாம் என்றார்: 'காற்றின் ஈரப்பதத்தால் கண்ணாடி நாகம் சற்றே சுருங்கியது. உறுப்பினர் மீதான புகார் கைவிடப்படுகிறது.' ஒரு கண்ணாடிக் கடைக்காரர் இதை வழிமொழிந்தார். இன்னொருவர், ஈரம் பட்டால் காகிதம் ஊறிப் பெருசாகுமே தவிரச் சுருங்காது என்று ஆட்சேபம் தெரிவித்தார். ஈரப்பதத்தைப் பற்றி கால் மணி நேரம் விவாதம் நடந்தது. மூன்று பேர் பேசிய பிறகு, தலைவரை வெளியேற்றலாமா என்று நான்காவது ஆள் கேட்டார். போன வாரம் மெக்கானிக்கை வெளியேற்றலாம் என்று முதலில் சொன்னவரும் அவரேதான்.

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்றாள் நர்ஸ். "எங்கப்பா திருடல. அதை முதல் வரியில எழுதுங்க. மத்ததை எப்படி வேணா சுருக்கிக்கங்க."

செயலாளர் எழுதினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. டாக்டரின் கைதான் முதலில்.

"தலைவர் விஷயம்?" என்றார் அந்த நான்காவது ஆள், விடாமல்.

எல்லாரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர் அவர், அவர் சொல்வதுதான் சரி என்பது போல. அவர் டாக்டரின் தோல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர், நீங்க கடைசியா எப்ப ஆடினீங்க?"

"நிர்வாக வேலையே சரியா இருக்கு."

"எப்ப ஆடினீங்க?"

டாக்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே அறுபது அட்டைகள், நேர்த்தியாக உறையிட்டு. ஒவ்வோர் உறைக்குள்ளும் அட்டை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. "எல்லாமே பிரிண்ட்தான். கண்ணாடி நாகம் வெச்சிருக்கறவன் கையில மத்தது எல்லாம் நகலா இருந்தா யாரு நம்புவா? வீட்டுல ஆடுவேன். ரெண்டு பக்கமும் நானே உக்காந்து."

"யாரு ஜெயிப்பீங்க?" என்று கேட்டான் கொழுந்தன்.

"பெரும்பாலும் சமன்."

நர்ஸ் ஜன்னலோர மேசைக்குப் போய் மூன்று நாற்காலிகளை விரித்தாள். அப்பாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள். "வாங்க சார். ஒன்பது மணிக்கு எனக்கு டியூட்டி. சீக்கிரம் அட்டையைக் கலைங்க."

"நகல் கார்டு சங்க மேசையில..." என்று செயலாளர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். நர்ஸ் ஊசி போடுமுன் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தாள். புத்தகம் மூடிக்கொண்டது.

டாக்டர் தன் கட்டைக் கலைத்தார். அட்டைகள் உறைக்குள் கடகடவென்று ஆடின. மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். மகள் அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் ஒரு வீரனை எடுத்து முன்னால் வைத்தார். மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

கிளம்பலாம் என்று அண்ணி இரண்டு முறை ஜாடை காட்டினாள். கொழுந்தன் அசையவில்லை. ஆட்டத்தில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நாற்பது நிமிஷம் கழித்துத் தலைவரின் கடைசிக் கோட்டை விழுந்தது மட்டும் புரிந்தது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

தோற்ற மனிதர் நாற்காலியில் சாய்ந்தார். வாரக்கணக்காக வலித்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு, பஞ்சைக் கடித்தபடி வெளியே வருகிறவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி இருக்குமே, அது அவர் முகத்தில் இருந்தது.

"இன்னொரு ஆட்டம்?" என்றார்.

நர்ஸ் மணியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "நான் கிளம்ப இருபது நிமிஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அட்டைகளைக் கலைக்க ஆரம்பித்தாள்.